சாந்தாமணியின் நெஞ்சு படபடத்த விவரம்

சுகர் லேண்ட், டெக்சாஸ்
சனிக்கிழமை

மதிப்புக்குரிய மாப்பிள்ளை கருப்பசாமி அவர்களுக்கு,

உங்கள் அக்கா வீட்டுக்காரன் சேனாபதி வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் நான் நலம். உங்கள் அக்காள் சாந்தாமணியும் இன்று காலை நிலவரப்படி நலம். கோபியில் நீங்களும் தங்கை புஷ்பவல்லியும் கறவை மாடுகளும் நலமாக இருக்க ஆண்டவன் துணை நிற்கட்டும்.

போனில் "அக்காவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீங்களாமா, என்னங்க ஆச்சு?" என்று கேட்டீர்கள். பக்கத்தில் மகள் கயல் நின்றதால் "ஒண்ணுமில்லீங்க" என்று வைத்துவிட்டேன். உண்மையில் எல்லாம் இந்த டீயால் வந்த வினை. மருமகன் மாதவின் சிநேகிதர் ஊருக்கு வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நாங்கள் வந்து இறங்கிய வாரமே கயல் எனக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வைத்தாள். சர்க்கரையும் ஏறியிருக்கிறது, கொழுப்பும் ஏறியிருக்கிறது என்று நம் பால் டீயை அன்றோடு நிறுத்திவிட்டு, "அப்பா, இனிமே கிரீன் டீ மட்டும்தான். ஹார்ட்டுக்கு நல்லதுன்னு நிறைய ஸ்டடி வந்திருக்கு" என்றாள். குடித்தேன். அகத்திக்கீரை அலசிய தண்ணீரைச் சுடவைத்தது போல் இருந்தது. என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்ட மாதவ், "மாமா, பிளாக் டீயும் ஓகேதான். ஆனா பால் ஊத்தினா பெனிஃபிட் போயிடுமாம்" என்றார். மறுநாளே, "பால் ஊத்தினாலும் ஒண்ணும் ஆகாதுன்னு இன்னொரு ஸ்டடி சொல்லுது மாமா" என்றார். அப்புறம் ரொம்பச் சூடாகக் குடிக்கக் கூடாது என்றார், சாப்பிட்டவுடன் குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் ஒட்டாது என்றார். அவர் போனைப் படித்து முடிப்பதற்குள் டீ ஆறிப்போய்விடும், ஆறியதைக் குடிக்கலாமா என்பதற்கு ஸ்டடி தேடுவார். மின்வாரியத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான், இப்படி ஒரு குழப்பமான சர்க்குலரைப் பார்த்ததில்லை.

இந்த நிலைமையில் போன ஞாயிற்றுக்கிழமை ஓர் ஓட்டலுக்குப் போனோம். கயல் காரை நிறுத்தப் போயிருந்தாள். பரிமாறும் அம்மாள் என்னிடம் வந்து "ஸ்வீட் டீ?" என்றாள். 'ஸ்வீட்' என்றது என்னைத்தான் என்று நான் நினைத்துவிட்டேன். இங்கே முன்பின் தெரியாதவர்களைக் கூட அப்படிச் செல்லமாகக் கூப்பிடுகிறார்கள் என்று மாதவ் சொல்லியிருந்தார். டீதான் இருதயத்துக்கு நல்லதாயிற்றே என்று தலையை ஆட்டினேன். சொம்பு மாதிரி கிளாஸில் ஐஸ் போட்டு வந்தது. பானகம் போலத் தித்தித்தது. குறையக் குறைய அவளே ஊற்றினாள், வேண்டாம் என்றால் மனசு நோகுமே என்று குடித்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்கு வந்து விரலில் குத்திப் பார்த்த கயல், "அப்பா! அது அத்தனையும் சக்கரை!" என்று அலறினாள். "டீன்னுதானே அந்தம்மா சொன்னாங்க" என்றேன். அதற்கு இன்னும் அலறினாள்.

என் கதை அப்படி. உங்கள் அக்கா என்ன செய்தாள் தெரியுமா? கயல் என்னைத் திட்டியதைக் கேட்டுப் பயந்தவள், வாய் திறக்காமல் கிரீன் டீயை அவள் பாட்டுக்கு ஆரம்பித்துவிட்டாள். ஒரு கப்பில் ஒரு டீத்தூள் பை போதும், இவள் மூன்று பை போட்டுக் கஷாயமாக இறக்கி, வெறும் வயிற்றில் நாள் பூராவும் குடித்திருக்கிறாள். புதன்கிழமை மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்து, "என்னங்க, நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்க, கையெல்லாம் நடுங்குது" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது, மாப்பிள்ளை. மாதவ் காரை ஓட்ட, கயல் முன்னால் உட்கார்ந்திருக்க, ஃப்ரீவே முழுக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டே போனேன். கல்யாணத்தன்று பிடித்தது, அதற்கப்புறம் நாலு பேர் பார்க்க அன்றைக்குத்தான்.

ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். அங்கிருந்த டாக்டரம்மா வான்மதி, தாராபுரத்துப் பெண். "ஹார்ட் நல்லா இருக்குங்க அங்கிள். அவ்வளவு ஸ்ட்ராங்கா குடிச்சா கஃபீன் படபடப்பு தரும்" என்றாள்.

"டீ நல்லதா கெட்டதா, ஒரே வார்த்தையில சொல்லம்மா" என்றேன்.

"சக்கரை இல்லாம அளவா குடிச்சா பெரும்பாலானவங்களுக்கு நல்லதுதான். டீ குடிக்கறவங்களுக்கு ஹார்ட் பிரச்சினை கொஞ்சம் கம்மின்னு பார்த்திருக்காங்க. ஆனா அது டீயாலதானான்னு உறுதியா சொல்ல முடியாது."

"அப்ப டீ குடிச்சா நெஞ்சு நல்லா இருக்குமா, இல்ல நெஞ்சு நல்லா இருக்கறவன்தான் டீ குடிக்கறானா?"

"அதைத்தான் அங்கிள் நாங்களும் கேட்டுக்கிட்டு இருக்கோம்" என்று சிரித்தாள். ஒரே வார்த்தை கேட்டவனுக்கு இதுதான் கிடைத்தது.

ஆகவே நானும் உங்கள் அக்காளும் டீயை அறவே விட்டுவிட்டோம். இப்போது வெந்நீர்தான். நீங்களும் இன்றோடு விட்டுவிடுங்கள், நெஞ்சோடு விளையாட வேண்டாம். தங்கைக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு ஆசிகள், கேட்டவர்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும்
சேனாபதி

பி.கு.: மேலே எழுதியதை உங்கள் அக்காளிடம் படித்துக் காட்டினேன். டீ மேல் வீண்பழி போடாதீர்கள் என்கிறாள். அந்தப் புதன்கிழமை காலையில் மாதவ் அவளிடம், "அத்தை, உங்க ரெண்டு பேருக்கும் கிரீன் கார்டு அப்ளை பண்ணிடலாம், இனிமே இங்கயே இருந்துடுங்க" என்றாராம். படபடப்பு அதிலிருந்துதானாம். "டாக்டர்கிட்ட ஏன் சொல்லலை?" என்றேன். "கயல் பக்கத்துலயே நின்னாளே, மனசு கஷ்டப்படுமேங்க" என்கிறாள். இதைக் கேட்டதிலிருந்து எனக்கும் நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது. நீங்கள் தாராளமாக டீ குடியுங்கள். நாங்கள் தை பிறந்ததும் வந்துவிடுகிறோம், கயலிடம் யார் சொல்வது என்றுதான் தெரியவில்லை. நீங்கள் தாய்மாமன், நீங்களே சொல்லிவிடுங்கள்.