கஸ்டர்டின் நான்காம் விரல் மீட்ட படலம்

இங்கிலாந்தின் ஹல் மாநகர வீதிகளில் இருபத்தாறு ஆண்டுகள் பேருந்து செலுத்தியவரும், எந்த ரவுண்டானாவுக்கும் அஞ்சாதவரும், வீட்டில் வளர்க்கும் ஒரு சாண் நீளச் சிறுத்தைப்பல்லியின் பாதம் பணிந்தவருமான டெஸ்மண்ட் பிளாட் நீடு வாழ்க!

பொன்மேனியும் கரும்புள்ளியும் கொழுவாலும் உடைய கஸ்டர்ட் எனும் அப்பல்லி, ஞாயிறு காலை சட்டையுரித்து, உரித்ததைத் தானே விழுங்கி, ஏதுமறியாததுபோல் வீற்றிருந்தது. ஆயினும் பின்னங்கால் நான்காம் விரலில் வெண்தோல் வளையமொன்று மிஞ்சிவிட்டது. விட்டால் இறுகும், இறுகினால் விரல் கருகி உதிரும். சென்றமுறை கவனியாமல் ஒரு விரல் அப்படித்தான் போயிற்று. அதற்காக நம் தலைவர் சமையலறையில் அழுதது உண்மை; வெங்காயம் நறுக்கியதாகச் சொன்னது பொய்.

"இன்னொரு விரல் போச்சுன்னா நான் மனுஷனே இல்ல!" என்று சூளுரைத்து ஆயுதம் ஏந்தினார்.

"அது என் புருவ முடி பிடுங்குற இடுக்கி. கீழ வை, டெஸ்," என்றாள் மனைவி கிளெனிஸ்.

வீரர் ஆயுதம் மாற்றினார். காது குடையும் பஞ்சுக்குச்சி கைக்கு வந்தது. கறி வாங்கிவந்த பிளாஸ்டிக் டப்பாவில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, அதில் கஸ்டர்டை அரைமணி நேரம் ஊறவைத்து, துண்டின்மேல் ஏற்றிப் போர் தொடங்கினார். காலை இழுத்தால் விரலே வரும். வாலைப் பற்றினால் வாலே கழன்று வரும். எனவே எதையும் பிடிக்காமல் எல்லாவற்றையும் பிடிக்க வேண்டிய கொடும்போர் அது! முதல் தாக்குதலில் பகைவராகிய கஸ்டர்ட் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவதில் தலைவரின் சட்டைக்கைக்குள் புகுந்து அக்குள்வரை படையெடுத்தார். மூன்றாவதில் கொழுவால் நுனி நடுங்கத் தொடங்கிற்று; வாலையே உதறிவிடப்போகும் அறிகுறி அது.

"வால் ஆடுது, டெஸ்! விடு, விடு!"

மலையென உறைந்தார் மாவீரர். மூச்சும் விடவில்லை. பயமாகத்தான் இருந்தது அவருக்கு. வால் அடங்கியது. ஈரப்பஞ்சு ஒருமுறை, ஒரேமுறை சுழன்றது. பிள்ளையின் காலிலிருந்து நனைந்த காலுறை கழல்வதுபோல் வளையம் கழன்றது. உள்ளே, இளஞ்சிவப்பாக, முழுசாக, விரல்!

அண்டம் அதிர எழுந்தார் வெற்றித்திருமகன், பல்லியை உள்ளங்கைச் சிம்மாசனத்தில் ஏந்தி, விழிகள் பனிக்க முழங்கினார்: "பாத்தியா கிளெனிஸ்! ஒரு சொட்டு ரத்தம் இல்ல! யாருகிட்ட!"

கஸ்டர்ட் அவர் கையிலேயே கக்கா போய்விட்டது.