வாடிக்கையாளர் சொன்ன குறை தென்படவில்லை

காரில் ஏறி உட்கார்ந்ததும் சிலர் பெல்ட் போடுவார்கள், சிலர் கண்ணாடியைத் திருப்பித் தலையைச் சரிசெய்துகொள்வார்கள். வெர்லின் ஸ்டக்கி முதலில் டேஷ்போர்டின் மேல் உள்ளங்கையை வைப்பார். மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு, காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல. அவர் மனைவி டார்லா இதை இருபத்தாறு வருஷமாக, நான்கு கார்களில் பார்த்துவருகிறாள். மகள் பெத்தனிக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்தபோதெல்லாம் அவர் தெர்மாமீட்டர்தான் வைத்தார். உள்ளங்கை காருக்கு மட்டும்.

வாசகர்களே, இவர்தான் சுற்றறிக்கைக்காரர். ஒஹையோ மாநிலத்தில் இந்த இனம் அடர்த்தியாக வாழ்கிறது. காலையில் டீலர் பட்டறை திறக்குமுன் வாசலில் நிற்கும், கக்கத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட காகிதம் இருக்கும், முகத்தில் வழக்கு ஜெயித்துவிட்ட பொலிவு இருக்கும். வழக்கு இன்னும் தொடங்கியிருக்காது.

அது என்ன காகிதம்? கார் கம்பெனி தன் டீலர்களின் பட்டறைகளுக்கு அவ்வப்போது ஒரு சுற்றறிக்கை அனுப்பும். இன்ன மாடலில், இன்ன வேகத்தில், இன்ன மாதிரி சத்தம் வருகிறது என்று யாராவது வந்து சொன்னால், இன்னதைக் கழற்று, இன்னதை மாட்டு. யாராவது வந்து சொன்னால். கவனியுங்கள், கம்பெனியின் மொத்த சாமர்த்தியமும் அந்த மூன்று சொல்லில் இருக்கிறது. சொல்லாதவனைத் தேடிப்போய் யாரும் கழற்றப்போவதில்லை. மெக்கானிக் படிக்க வேண்டிய அந்தக் காகிதத்தை மெக்கானிக் படிக்கிறாரோ இல்லையோ, இணையத்தில் தோண்டியெடுத்து, அச்சடித்து, முக்கியமான வரிகளில் மஞ்சள் மை பூசி, மூன்று பிரதி எடுத்து, ஒன்றைக் காரிலும் ஒன்றை வீட்டிலும் ஒன்றை, கடவுளே, படுக்கைக்குப் பக்கத்திலும் வைத்திருப்பவர் இவர்.

நாளடைவில் இவர்களுடைய பேச்சே காகிதத்தின் பேச்சாகிவிடும். டார்லா ஒருநாள் முழங்கால் வலிக்கிறது என்றாள்.

"எப்போ வலிக்குது? குளிர்ந்திருக்கும்போதா, சூடேறின பிறகா?" என்று கேட்டார் வெர்லின்.

"மாடிப்படி ஏறும்போது."

"ஒரே சீரா ஏறும்போதா, வேகமெடுக்கும்போதா?"

"உன்னை உதைக்கணும்னு தோணும்போது" என்றாள் டார்லா.

வெர்லினின் காருக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. அதன் நோய் இது: ஒரு மணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகு, மணிக்கு முப்பத்தெட்டிலிருந்து நாற்பத்திரண்டு மைலுக்குள் ஒரே சீராகப் போனால், கியர்பாக்ஸிலிருந்து ஒரு நடுக்கம். தூங்கும் ஓட்டுநரை எழுப்ப நெடுஞ்சாலை ஓரத்தில் வெட்டியிருக்கும் வரிப்பள்ளத்தில் சக்கரம் ஏறியதுபோல டுர்ர்ர் என்று நாலு நொடி. பிறகு எதுவும் நடக்காததுபோல் வண்டி போகும். உலகத்தில் இதைக் கேட்டவர்கள் இருபதாயிரம் பேர். அத்தனை பேரும் ஓர் இணையக் குழுவில் இருக்கிறார்கள். ஒருவர் வண்டியில் எந்த ஆயில் ஓடுகிறது, எந்த மைலில் மாற்றினார் என்று மற்றவருக்கு மனப்பாடம். யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் விழிப்பார்கள்.

இந்த நோய்க்கு மருந்து சொல்லும் சுற்றறிக்கையோடு வெர்லின் ஐந்து முறை டீலரிடம் போனார். கவுன்டரில் லமார் என்ற இளைஞன் இருப்பான். நல்ல பையன். ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சிரிக்க வேண்டிய உத்தியோகம்.

"தம்பி, இதைப் படிங்க."

"போன தடவையும் இதைத்தானே சார் குடுத்தீங்க?"

"அது திருத்தம் ஏ. இது திருத்தம் பி."

லமார் திருத்தம் பி-யை முந்தைய நான்கின் மேல் வைத்தான். "எங்க மெக்கானிக் ஓட்டிப் பாத்துட்டார் ஸ்டக்கி சார். நார்மல்னு சொல்றார்."

"எவ்வளவு தூரம் ஓட்டினார்?"

"ஒரு ரவுண்டு."

"பீட்ஸா கடை வரைக்குமா?"

"அதையும் தாண்டி சார். டயர் கடை வரைக்கும்."

ஒரு மணி நேரம் ஓடினால் வரும் நடுக்கத்தை நாலு நிமிஷம் ஓட்டித் தேடும் இந்த நிபுணத்துவத்தை எந்தக் கல்லூரியில் கற்றுத்தருகிறார்கள்? ஓட்டிப் பார்த்ததற்குச் சான்றாக ஒரு தாள் வரும். 'வாடிக்கையாளர் சொன்ன குறை தென்படவில்லை. வண்டி வடிவமைத்தபடியே இயங்குகிறது.' கூடவே, வெர்லின் கேட்காத ஒன்றும் வரும். அவருடைய காற்று வடிகட்டியைக் கழற்றி, செத்த எலியைக் காட்டுவதுபோல் தட்டில் வைத்துக் காட்டி, மாற்றட்டுமா என்பார்கள். குறை எதுவும் தென்படாத கண்ணுக்கு அந்தத் தூசி மட்டும் எப்படியோ தென்பட்டுவிடும்.

கடைசியில் லமார் குரலைத் தாழ்த்துவான். "கம்பெனியிலேர்ந்து கருத்துக் கேட்டு மெயில் வரும் சார். பத்துக்குப் பத்து போட்டுடுங்க. ஒன்பது போட்டாக்கூட எனக்கு ஃபெயில்தான்." வெர்லின் ஐந்து முறையும் ஒன்பது போட்டார். இந்த இனத்தின் கொடுக்கு அங்கேதான் இருக்கிறது.

இத்தனை கேலி செய்த பிறகு ஒன்றைச் சொல்லியாக வேண்டும், சொல்லவே எரிச்சலாக இருக்கிறது: வெர்லின் சொன்னது முழுக்க உண்மை. நடுக்கம் இருந்தது. மருந்தும் இருந்தது. பதினேழு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, மாவட்டக் குடிநீர்த் துறையில் குழாய் பதிக்கப் போனவர் அவர். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் எதைச் சொன்னாலும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்தே முக்கால் ஆயுளைக் கழித்தவர். முதல் முறையாக, அவர் சொல்வதுதான் சரி என்று கம்பெனியே எழுதிய காகிதம் அவர் கையில் கிடைத்திருக்கிறது. அவர் ஏன் விடவேண்டும்? நாமாக இருந்தால் விடுவோமா? இந்தக் கேள்வியை இத்தோடு விடுவோம், கேலிக்குக் கேடு.

ஆறாவது முறை லமார் இறங்கிவந்தான். "வீடியோ எடுத்துட்டு வாங்க சார். வேகமானி தெரியணும், சத்தம் கேக்கணும். நானே கம்பெனிக்கு அனுப்புறேன். ஆனா வண்டி அறுபதாயிரம் மைலைத் தொடுறதுக்குள்ள இங்க வந்துடணும். ஒரு மைல் தாண்டினாலும் வாரன்ட்டி கிடையாது, எல்லாம் உங்க செலவு."

அன்று வீடு வந்து சேர்ந்தபோது மீட்டரில் இருந்தது 59,787.

வெர்லின் காரை வீட்டு வாசலில் நிறுத்திப் போர்வை போட்டார். வேலைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் தொற்றிக்கொண்டு போனார். டார்லா மளிகைப் பையோடு ஒன்றரை மைல் நடந்தாள். பழைய காரைப் பெத்தனி கல்லூரிக்குக் கொண்டுபோயிருந்ததால் வீட்டில் வேறு வண்டி இல்லை. கிட்டத்தட்ட மூன்று வருஷமாக ஓடாத ஓட்டம் ஓடிய கார், மூன்று வாரம் மாப்பிள்ளைபோல் உட்கார்ந்திருந்தது.

மே மாதம் முதல் சனிக்கிழமை பெத்தனிக்குப் பட்டமளிப்பு. செவிலியர் படிப்பு. ஸ்டக்கி குடும்பத்திலும் சரி, டார்லாவின் குடும்பத்திலும் சரி, அதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை. பல்கலைக்கழகம் தெற்கே தொண்ணூற்றாறு மைல்.

"என் தங்கச்சி வண்டியை இரவல் வாங்கிட்டுப் போயிடலாம்" என்றாள் டார்லா.

வெர்லின் ஏற்கெனவே கணக்குப் போட்டிருந்தார். போக வர நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. டீலருக்கு எட்டு. மிச்சம் பன்னிரண்டு மைல் கையில். "நம்ம வண்டியிலயே போவோம். போற வழியில நல்லாச் சூடேறிடும். வீடியோவும் ஆச்சு, விழாவும் ஆச்சு."

"வெர்லின், பத்து மணிக்கு ஆரம்பிக்குது."

"முதல் முக்கால் மணி நேரம் யாராவது பேசிட்டுத்தான் இருப்பான்."

சுற்றறிக்கை சொன்னபடி கிளம்புமுன் இருபது நிமிஷம் வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டார். நெடுஞ்சாலையில் போனால் ஒன்றரை மணி நேரம். ஆனால் நெடுஞ்சாலையில் நாற்பது மைல் வேகத்தில் போனால் பின்னால் வருகிறவன் ஏறி இறங்கிவிடுவான். எனவே பழைய இருவழிச் சாலை. சோளக்காடுகளுக்கு நடுவே முப்பத்தொன்பது மைல் வேகத்தில், ஒரே சீராக. அரை மணி நேரத்தில் பின்னால் பதினான்கு வண்டிகள் சேர்ந்துவிட்டன. விழாவுக்கென்று டார்லா கறுப்பு உடை போட்டிருந்தாள். வெர்லினும் கறுப்புக் கோட்டு. எதிரே வந்த வண்டிகள் ஒவ்வொன்றாகச் சாலையோரம் ஒதுங்கி நிற்கத் தொடங்கின. ஒரு விவசாயி டிராக்டரை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"என்னாச்சு இவங்களுக்கு?" என்றார் வெர்லின்.

"சவ ஊர்வலம்னு நினைக்கிறாங்க" என்றாள் டார்லா. "கை அசைச்சு நன்றி சொல்லு."

நடுக்கம் ஒரு நீண்ட மேட்டின்மேல் வந்தது. டுர்ர்ர். வெர்லின் முகம் மலர்ந்த மலர்ச்சியை டார்லா தன் கல்யாணத்தன்றுதான் கடைசியாகப் பார்த்திருந்தாள். வீடியோவைப் போட்டுப் பார்த்தால் நடுக்கம் கேட்கிறது. திரையில் வேகமானியை மறைத்தபடி டார்லாவின் கட்டைவிரல்.

"திரும்பிப் போய் மறுபடி ஏறலாம். ஆறு மைல் பின்னால, ஆறு மைல் முன்னால. பன்னிரண்டு இருக்கு."

"வேணாம், வெர்லின்."

"பதினெட்டு நிமிஷம்தான்."

வண்டி திரும்பியது. மேட்டின் அடிவாரத்தில் டார்லா ஒரு கையில் அவருடைய செல்பேசியை வேகமானிக்கு நேரே பிடித்திருந்தாள். மடியில் அவளுடைய செல்பேசி. அதில் விழாவின் நேரடி ஒளிபரப்பு. அந்த வருஷம் பேச்சாளர் சுருக்கமாகப் பேசிவிட்டார். வரலாற்றில் அப்படியும் நடக்கும். செவிலியர் படிப்புக்காரர்களை முதலில் அழைத்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் அரங்கின் ஏதோ ஒரு மூலையிலிருந்து ஒரு குடும்பம் எழுந்து கத்தியது. கத்தக்கூடாது என்று அழைப்பிதழிலேயே அச்சடித்திருந்தது. அதனால்தான் அவ்வளவு கத்தினார்கள்.

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. டுர்ர்ர்.

"பெத்தனி மே ஸ்டக்கி" என்றது மடியிலிருந்த செல்பேசி.

அரங்கில் ஒரு மூலையும் கத்தவில்லை. டார்லா கத்தினாள். சோளக்காட்டுக்கு நடுவே, காருக்குள், தொண்டை கிழிய, "ஹோ! என் பொண்ணுடா!"

"ஷ்ஷ்! ரெக்கார்டு ஆகுது!" என்றார் வெர்லின்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது புல்வெளியில் எல்லாரும் கேக் தின்றுகொண்டிருந்தார்கள். பெத்தனி அங்கியோடு, காகிதத் தட்டோடு நின்றாள்.

"வழியில கொஞ்சம் நேரமாயிடுச்சும்மா" என்றார் வெர்லின்.

"வீடியோ வந்துச்சா, அப்பா?"

"அருமையா வந்திருக்கு! நாலு நொடி முழுசா."

"என் பேரைச் சொன்னதும் நாலு நொடிதான்" என்றாள் பெத்தனி. "அப்புறம் அடுத்த பேர் கூப்பிட்டுட்டாங்க. எங்கேர்ந்து சத்தம் வருதுன்னு பாத்துட்டே நின்னேன். பின்னால இருந்தவ என்னைத் தள்ளிவிட்டா."

வெர்லின் தொப்பியைத் தேடினார். கோட்டு போட்ட அன்று தொப்பி இல்லை. "ஒரு கத்தல் உனக்குப் பாக்கி. வீட்டுக்கு வா, தெருவே கேக்குற மாதிரி கத்துறேன்."

"சரி, அப்பா. கேக் சாப்பிடுங்க."

திங்களன்று டீலரிடம் போய்ச் சேர எட்டு மைல் மட்டும் மிச்சம் வைத்து, ஞாயிறு முழுக்க வண்டி போர்வைக்குள் இருந்தது என்று நினைக்கிறீர்களா? அப்படியேதான். திங்கட்கிழமை காலை 59,999-இல் லமார் முன்னால் வண்டி நின்றது. லமார் வீடியோவை இரண்டு முறை பார்த்தான்.

"நடுக்கம் சுத்தமாத் தெரியுது சார். நடுவுல யாரோ கத்துறாங்களே, அது என்ன?"

"அது வண்டியில இல்ல. என் வீட்டுக்காரி."

"யாரோ பேர் வாசிக்கிறாங்க."

"என் பொண்ணு. பட்டம் வாங்கினா."

லமார் திரையிலிருந்து நிமிர்ந்தான். "நீங்க எங்க சார் இருந்தீங்க?"

"முப்பத்தொன்பதுல" என்றார் வெர்லின்.

மூன்று நாளில் கியர்பாக்ஸைச் சரிசெய்து கொடுத்தார்கள். வாடிக்கையாளர் செலுத்த வேண்டியது: பூஜ்யம். வெர்லின் லமாருக்குப் பத்துக்குப் பத்து போட்டார். வீடியோவை இணையக் குழுவில் ஏற்றினார், நானூறு பேர் வாழ்த்தினார்கள். பின்னணிக் கூச்சலை வெட்டிவிட்டுப் போட்டால் நடுக்கம் இன்னும் துல்லியமாகக் கேட்கும் என்று இடாஹோவிலிருந்து ஒருவர் யோசனை சொன்னார். வெர்லின் வெட்டிப் போட்டார்.

உங்களிடம் கார் இல்லையா? தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். மின்சாரக் கட்டணத்தில் நடந்த தவறுக்காக மூன்று மாதம் அலைந்து ஜெயித்த ரசீதை இன்னும் வைத்திருக்கிறீர்கள்தானே? சலவை இயந்திரக் கம்பெனிக்காரனோடு தொலைபேசியில் வாதாடி, கடைசியில் அவனை மன்னிப்புக் கேட்கவைத்த அந்த மாலை நினைவிருக்கிறதா? நீங்கள் சொன்னது சரிதான். எப்போதுமே சரிதான். அந்த மாலையில் உங்கள் தோளைத் தட்டி யாரோ என்னவோ சொல்ல வந்தார்களே, நீங்கள் விரல் உயர்த்தி நிறுத்தினீர்களே, அது யார், என்ன சொல்ல வந்தார்கள் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். தெரியவில்லையா? நீங்களும் வடிவமைத்தபடியேதான் இயங்குகிறீர்கள்.

பெத்தனி இப்போது ஒரு மருத்துவமனையில் இரவுப் பணியில் இருக்கிறாள். நவம்பரில் குடும்பம் கூடும் நன்றி நவிலல் நாள் விருந்துக்கு இரண்டு வருஷம் வந்துவிட்டுப் போயிருக்கிறாள். இரண்டு முறையும் வெர்லின் வாசலுக்கு ஓடிவந்தார், அவளுடைய வண்டியின் பின்சக்கரத்தில் ஏதோ உராய்வதைக் கேட்டு, அதன் கீழே படுத்தார், அதற்கொரு சுற்றறிக்கை இருப்பதாகச் சொன்னார். கத்தவில்லை.