'எனக்கு வருதே!' மனிதர்

'எனக்கு வருதே!' மனிதர் என்றொரு இனம் உண்டு. கடைக்கென்று வலைத்தளம் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் இந்த இனம்தான். முதல் பக்கத்திலேயே நூற்றிருபது படங்களை, கேமராவிலிருந்து இறங்கிய கனத்தோடு, ஒன்றையும் சுருக்காமல், ஒன்றையும் விட்டுவிட மனமில்லாமல் ஏற்றிவிடுவார். படம் வரவில்லை என்று யாராவது வாய் திறந்தால், தன் கணினியில் திறந்து காட்டி, "எனக்கு வருதே!" என்பார். ஏன் வராது? தினம் முப்பது தடவை அவரே திறந்து ரசித்ததில், அத்தனை படத்தையும் அந்தக் கணினி எப்போதோ உள்ளே வாங்கிப் பத்திரப்படுத்திவிட்டது. வெளியாள் பாடுதான் திண்டாட்டம்.

எனக்குத் தெரிந்த ஒருவர், மனைவி தன் பட்டறையில் செய்யும் நாற்காலிகளுக்காகத் தளம் திறந்தார். மேலே யார் படம்? பட்டறை வாசலில் இவர், மரத்தைத் தடவிப் பார்க்கும் இவர், எதையோ யோசிக்கும் இவர். அதற்கும் கீழேதான் நாற்காலி. தளம் அமைத்துக் கொடுத்த பெண் தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

"சார், பிரவுசர் ஒரு நேரத்துல ஆறு படத்தத்தான் இழுக்கும். மத்ததெல்லாம் வரிசையில நிக்கும். நாற்காலிய முதல்ல வைங்க, சின்னதா சுருக்குங்க. கீழ இருக்கறது, பாக்கறவங்க கீழ வரும்போது வந்தாப் போதும்."

"எதுக்கும்மா? எனக்கு வருதே!"

ஒரு நூலகத்துக்கு நாற்பது நாற்காலி தேவைப்பட்டது. அது கிடைத்தால் பட்டறை பிழைக்கும். இல்லையென்றால் மூட வேண்டியதுதான். பதினொரு மணிக் கூட்டத்தில் தளத்தைப் பார்த்து முடிவு செய்வதாக நூலகர் சொல்லியிருந்தார். பதினொன்றேகாலுக்கு அவரிடமிருந்து மனைவிக்குப் போன் வந்தது.

"மேடம், ஒருத்தர் வந்துட்டிருக்கார். நெத்தி வரைக்கும் வந்தாச்சு."

"அது எங்க வீட்டுக்காரர்."

"பக்கத்துல இன்னொருத்தர், மூக்கு வரைக்கும்..."

"அவரும் அவர்தான்."

"நாற்காலி எப்ப வரும் மேடம்?"

நூலகர் நல்ல மனிதர், இன்னும் ஐந்து நிமிடம் காத்திருந்தார். பிறகு கூட்டத்தினர் வேறொரு பட்டறையின் தளத்தைத் திறந்தார்கள். அங்கே நாற்காலி உடனே வந்தது. வேலையும் அங்கேயே போனது.

கையில் மரத்தூளோடு அந்த அம்மாள் வீட்டுக்குள் வந்து சொன்னபோது, மனிதர் உண்மையிலேயே ஆடிப்போய்விட்டார். உடனே தளத்தைத் திறந்தார். நூற்றிருபது படமும் கண்மூடித் திறப்பதற்குள் வந்து நின்றன. "எனக்கு..." என்று ஆரம்பித்தவர், மனைவி பார்த்த பார்வையில் மீதியை விழுங்கினார். அந்த அம்மாளை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறெரிகிறது.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். போன வாரம் குழந்தையின் பிறந்தநாள் படங்கள் எண்பதையும் அப்படியே ஒரே பக்கத்தில் ஏற்றி, சொந்தக்காரர் எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, 'ஒருத்தராவது ஒரு வார்த்தை சொன்னாங்களா பாரு' என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது யார்? உங்கள் அக்கா இன்னும் குழந்தையைப் பார்க்கவில்லை. அவர் திரையில் நீங்கள்தான், நெற்றி வரைக்கும், வந்துகொண்டிருக்கிறீர்கள்.