இடப்பக்க ஸ்பீக்கர்

"தினமும் கேக்கிறேனே" என்று அவன் போனில் சொல்லிவிட்டான். பொய் சொல்லும்போது தன் குரல் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவனுக்கே தெரியாது.

"அப்படியா அத்தான்?" என்றாள் கொழுந்தியாள். "சும்மா தூசி படிஞ்சு கிடக்குமேன்னுதான் அந்த செட்டைக் கேட்டேன். அக்கா ஞாபகமா எங்க வீட்ல இருக்கட்டும்னு. நீங்க கேக்கிறீங்கன்னா எனக்கு வேணாம்."

"தினமும்" என்றான் மறுபடி. ஒரு தடவையோடு நிறுத்தியிருக்கலாம்.

"அப்ப சாயந்திரம் அப்பாவைக் கூட்டிட்டு வரேன். எங்களுக்கும் போட்டுக் காட்டுங்க. அவரும் நாலு சுவரை விட்டு வெளிய வந்த மாதிரி இருக்கும்."

போனை வைத்துவிட்டுக் கூடத்து மூலையைப் பார்த்தான். ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு சிடி பிளேயர், இரண்டு ஸ்பீக்கர். மனைவி தன் முதல் சம்பளத்தில் வாங்கியவை. அவள் போனபிறகு அந்த மூலைப் பக்கம் அவன் போகவில்லை. அவளுடைய உடைகளைக் கேட்டார்கள், கொடுத்தான். புத்தகங்களைக் கேட்டார்கள், கொடுத்தான். இதையும் கொடுத்துவிட்டால், அவள் இந்த வீட்டில் இருந்தாள் என்பதற்கு மின்சார பில் ஒன்றுதான் அத்தாட்சி. அது இன்னும் அவள் பெயரில் வந்துகொண்டிருந்தது.

ஸ்விட்சைப் போட்டான். பச்சை விளக்கு எரிந்தது. சத்தம் வரவில்லை.

ஸ்பீக்கர் இரண்டையும் அவள் தன் நாற்காலிக்கு வலப்பக்கம், ஒன்றின் தலைமேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தாள். பின்பக்கம் பார்க்கலாம் என்று மேலே இருந்ததை இழுத்தான். ஒயர் இற்றுப்போய்க் கையோடு வந்தது. கீழே இருந்ததை இழுத்தான். அதுவும் வந்தது. அதற்குமேல் இழுக்க எதுவும் இல்லை.

ஒயர் வாங்கப் போனான். கடைக்காரர் ஒரு தடித்த ஒயர்ச் சுருளைத் தூக்கி மேசைமேல் போட்டார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாய் மாதிரி இருந்தது.

"தொட்டுப் பாருங்க சார். ஆக்ஸிஜனே இல்லாத செம்பு."

"ஆக்ஸிஜன் இல்லாட்டி நல்லதா?"

"செம்புக்கு நல்லது சார். நமக்குத்தான் ஆகாது."

அவனுக்கு அது தெரியும். ஆஸ்பத்திரியில் அதற்குத் தனி பில் போட்டிருந்தார்கள்.

"விலை கம்மியா, சாதாரணமா ஒண்ணு போதும்" என்றான்.

"எவ்வளவு நீளம்? ஸ்பீக்கரை எங்கெங்க வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணு மேல ஒண்ணு."

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சார், அது ஸ்டீரியோ இல்ல, அடுக்குமாடிக் குடியிருப்பு. உக்காந்து கேக்கிறவங்களுக்கு வலது பக்கம் ஒண்ணு, இடது பக்கம் ஒண்ணு. அப்பதான் பாடுறவங்க நேரா முன்னாடி வந்து நிப்பாங்க. இத்தனை நாளும் ஒரு பக்கமாவா கேட்டீங்க?"

"நான் இல்ல. என் மனைவி."

"பாவம், ஒயர் எட்டலன்னு அப்படி வெச்சிருப்பாங்க. கொஞ்சம் நீளமா வாங்கிக் குடுத்திருக்கக் கூடாதா நீங்க?"

கடைக்காரர் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார். அவன் ஒயர்ச் சுருளைத் தள்ளி மேசையில் இடம் பண்ணினான். பிறகு பேனாவை எடுத்தான்.

அவன் குடிநீர் வாரியத்தில் வரைபடம் போடுபவன். ஊரின் பாதிக் குழாய்கள் அவன் கோடு போட்ட வழியில்தான் ஓடின. ஒரு தாளில் கூடத்தை அளவு பிசகாமல் வரைந்து, நாற்காலிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஸ்பீக்கர்களை வைத்து, ஒயருக்கு நேர்கோடு இழுத்தான். அந்தக் கோட்டு அளவுக்கே விலை குறைந்த ஒயரை வெட்டச் சொன்னான்.

"ஒரு கை கூட்டி வாங்கிக்குங்க சார்."

"தேவையில்ல. கணக்கு சரியா இருக்கு."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. வீட்டில் அந்தக் கோட்டின் நடுவே குளியலறைக் கதவு இருந்தது. தாளில் கதவு திறப்பதில்லை. யாரும் கால் தடுக்கி விழுவதுமில்லை. வீட்டில் இரண்டும் நடந்தன. ஒயரைக் கதவு நிலைக்கு மேலாக ஏற்றி இறக்கினான். ஸ்பீக்கர் வரைக்கும் வராமல், எட்டிப் பார்த்துவிட்டு அந்தரத்தில் தொங்கியது.

ஒயர் எட்டாவிட்டால் ஆம்ப்ளிஃபயரை நகர்த்தலாம். நகர்த்தினான். இப்போது வலப்பக்கத்துக்கு எட்டவில்லை. சரியென்று நாற்காலியையும் இரண்டு ஸ்பீக்கரையும் நெருக்கிப் போட்டான். ஒயர் எட்டியது. நாற்காலி குளியலறைக் கதவை அடைத்துக்கொண்டது. பாட்டுக் கேட்டால் குளிக்க முடியாது, குளித்தால் வெளியே வர முடியாது.

திரும்பக் கடைக்குப் போனான்.

"அந்தச் சாதா ஒயர் தீந்துபோச்சு சார். கடைசித் துண்டை நீங்கதான வாங்கினீங்க" என்றார் கடைக்காரர். சொல்லிக்கொண்டே தோட்டக் குழாயை அளக்க ஆரம்பித்தார். இந்தத் தடவை எவ்வளவு நீளம் என்று அவர் கேட்கவில்லை.

ஆக்ஸிஜன் இல்லாத செம்பு எல்லா இடத்துக்கும் எட்டியது. ஆனால் ஸ்பீக்கர் ஓட்டைக்குள் நுழையவில்லை. சமையலறைக் கத்தரியால் அதன் இழைகளில் பாதியை வெட்டி எறிந்தான். அதிக விலை கொடுத்து வாங்கிய தடிமன் தரையில் கிடந்தது. கத்தரியின் வாய் கோணியது. மிச்சத்தைத் திணித்து ஸ்விட்சைப் போட்டான். 'டிக்' என்றது. பச்சை விளக்கு சிவப்பானது. அதோடு சரி.

இந்த மௌனம் அவனுக்குப் பழக்கம்தான். மனைவியும் சில நாள் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். கோபம் என்று எடுத்துக்கொண்டு உடனே மன்னிப்புக் கேட்டுவிடுவான். எதற்கென்றே தெரியாமல் கேட்ட மன்னிப்புகள் ஏராளம். அவளும் ஒரு நிமிஷம் விழித்துவிட்டு, "சரி, பரவாயில்ல" என்பாள்.

"மன்னிச்சுக்கோ" என்றான் ஆம்ப்ளிஃபயரிடம். அது மன்னிக்கவில்லை.

கடைக்காரருக்குப் போன் செய்தான்.

"ஏதோ ஒரு இழை பக்கத்து ஓட்டையில உரசுது சார். எல்லாத்தையும் சேத்து நல்லா முறுக்கி விடுங்க. உங்க வீட்டு அம்மாவைக் கூப்பிடுங்க, பொம்பளைங்க விரல்தான் இதுக்குச் சரி."

"அவங்க இல்ல."

"வந்ததும் செய்யச் சொல்லுங்க."

"சரி" என்றான்.

அவனே முறுக்கினான். பாட்டு வந்தது. ஆனால் பாடகி அடுத்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பாடினாள். ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் மாற்றிச் செருகியிருந்தான். தரையில் குப்புறப் படுத்து அதைச் சரிசெய்து, தலையைத் தூக்கி, மேசை விளிம்பில் இடித்துக்கொண்டபோது வாசல் மணி அடித்தது.

கொழுந்தியாள் முதலில் அவன் நெற்றியைப் பார்த்தாள். பிறகு தரையில் கிடந்த செம்பைப் பார்த்தாள். "தினமும் இப்படித்தான் கேக்கிறீங்களா அத்தான்?"

"உக்காரு" என்றான்.

அவள் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். மாமனார் சுவரோரம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். மகள் போனதிலிருந்து அவர் அதிகம் பேசுவதில்லை. பிளேயருக்குள் மனைவி விட்டுவைத்திருந்த சிடி அப்படியே இருந்தது. பொத்தானை அழுத்தினான்.

இரண்டு பக்கமிருந்தும் வயலின் எழுந்தது. நடுவில், நாற்காலிக்கு நேர் எதிரே, கை நீட்டினால் தொடலாம் போல ஒரு பெண் நின்று பாடினாள்.

கொழுந்தியாள் வாயைப் பொத்திக்கொண்டாள். பாட்டு முடிகிறவரை கையை எடுக்கவில்லை.

"இது எங்கயும் போக வேணாம் அத்தான்" என்றாள் கடைசியில். "இங்கயே இருக்கட்டும். நான் இனிமே கேக்கவே மாட்டேன்."

செட் தப்பித்தது. அவனுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"அவ இருக்கும்போதே இப்படி வெச்சுக் குடுத்திருக்கணும்" என்றான். "ரெண்டையும் ஒரே பக்கமா வெச்சே கேட்டுட்டுப் போயிட்டா. இந்த இடது பக்கத்துக்கு ஒரு ஒயர் வாங்கிப் போட எனக்குத் தோணல, மாமா."

மாமனார் ஸ்டூலிலிருந்து நிமிர்ந்து அவனை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"இடது பக்கம் எதுக்கு மாப்பிள்ளை? அந்தக் காது அவளுக்குப் பொறந்ததிலிருந்தே கேக்காதே, கல்யாணத்துக்கு முன்னாடியே உங்ககிட்ட சொல்லிட்டதா எங்ககிட்ட சத்தியம் பண்ணினாளே!"