நாலு கதவு மரியாதை

கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழிச்சு, என் பொண்டாட்டி நாகஜோதி எங்கிட்ட மரியாதையாப் பேசணும்னு முடிவெடுத்தேன். முடிவெடுத்தது நான்தான். அவகிட்ட இன்னும் சொல்லலை.

இதுக்குக் காரணம் ஒரு போலீஸ்காரர். எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல வீடு, ராஜபாளையத்துல ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில சூப்பர்வைசர் வேலை. தினமும் என் பழைய கார்லதான் போய்ட்டு வாரேன். அன்னைக்குக் கார்ல நான் மட்டும்தான். ஸ்டீயரிங்ல ஒரு கை, போனைப் பிடிச்சு காதுல ஒரு கை. போலீஸ்காரர் ஓரங்கட்டச் சொல்லி அபராதச் சீட்டு எழுத ஆரம்பிச்சார். பதட்டத்துல நான் போனைக் கட் பண்ணலை, விரல் பட்டு ஸ்பீக்கர் வேற ஆன் ஆயிருச்சு.

"யோவ், வாயில என்ன கொழுக்கட்டையா? பதில் சொல்லுய்யா!"

போலீஸ்காரர் பேனாவை நிப்பாட்டினார். "யாருய்யா அது?"

"வீட்டுல, சார்."

என்னை ரொம்பப் பாவமாப் பார்த்தார். பார்த்துட்டு, சீட்டைக் கிழிச்சுக் கையில குடுத்துட்டார்.

நாகஜோதியைப் பத்தி ஒண்ணு சொல்லணும். நாங்க ரெண்டு பேர் மட்டும் இருந்தா நான் 'யோவ்'. மூணாவதா ஒரு ஆள் வந்துட்டா நான் 'அவிய'. "அவிய சாப்பிடாம நான் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்"ம்பா. கேட்டவங்க கண் கலங்கிப் போவாங்க. அடுத்த ஆள் முன்னால புருஷனை ஒரு சொல் குறைச்சுப் பேசுறது அவ குடும்பத்துலயே கிடையாது. வாசக்கதவைச் சாத்தின பொறவுதான் எல்லாம்.

என் கார்ல தினமும் ரெண்டு பேர் கூட வாராங்க. பேக்கிங்ல இருக்கிற ஞானதுரை அண்ணன், தறி மெக்கானிக் கருத்தப்பாண்டி. ரெண்டு பேரும் எங்க ஊர்தான். இம்புட்டு நாளும் போன் என் காதுல இருந்ததால, அவ பேசுறது எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு. அது அவளுக்கும் தெரியும். அந்த ரெண்டு பேருக்கும் கேட்டுட்டா? வாய் தானா மூடிக்கிடும்லா!

சாயங்காலமே தனுஷ்கோடி கடைக்குப் போனேன். சீட் கவர்ல இருந்து ஹாரன் வரைக்கும் காருக்கு எல்லாம் விக்கிற கடை.

"போனைக் கையில எடுக்காமப் பேசணும் அண்ணாச்சி."

சுண்டுவிரல் அளவுக்கு ஒரு சாமானை எடுத்து வெச்சார். "ப்ளூடூத். காதுல மாட்டிக்கிடலாம். என்ன பேசினாலும் ஒரு பயலுக்குக் கேக்காது."

"வேண்டாம்."

"அப்ப இது. தலைக்கு மேல வெயில் மறைக்கிற பலகை இருக்குல்லா, அதுல கிளிப் போட்டு மாட்டிரலாம். முன் சீட்டு வரைக்கும் நல்லாக் கேக்கும்."

"பின் சீட்டுக்கு?"

"பின் சீட்டுக்கு எதுக்குங்க?"

"எனக்கு வேணும்."

ஒரு மாதிரியாப் பார்த்துட்டு, பரண்ல இருந்து ஒரு பெரிய பெட்டியை இறக்கினார். "செட்டு. பாட்டும் பாடும், போனும் பேசும். நாலு கதவுலயும் ஸ்பீக்கர். மைக்கைக் கூரையில வெச்சுருவேன். கார்ல யாரு தும்மினாலும் அந்தப் பக்கம் கேக்கும். ஆனா ஒண்ணு, இதுல ரகசியம் பேச ஏலாது."

"அதேதான் அண்ணாச்சி. மாட்டுங்க."

மாட்டி முடிச்சதும், "யாருக்காச்சும் போட்டுப் பாருங்க"ன்னார். வேற யாருக்குப் போட? நாலு கதவும் சேர்ந்து கத்துச்சு.

"எங்கய்யா போய்த் தொலைஞ்ச? மணி என்ன ஆச்சு?"

"வணக்கம் தங்கச்சி. கார் சாமான் கடை தனுஷ்கோடி பேசுதேன்."

அடுத்த நொடி குரலே மாறிப்போச்சு.

"வணக்கம் அண்ணாச்சி. அவிய காலையில இருந்து சரியாச் சாப்பிடலை. கொஞ்சம் சீக்கிரம் அனுப்பி வெச்சீங்கன்னா புண்ணியமாப் போகும்."

தனுஷ்கோடியைக் கட்டிப் பிடிச்சிருப்பேன். அவர் கையெல்லாம் கிரீஸ்.

ஒரு வாரம் ராஜ வாழ்க்கை. "ஏங்க, பாத்துப் போங்க." "ஏங்க, வரும்போது தயிர் வாங்கிட்டு வர முடியுமா?" முடியுமான்னு கேக்கா! பதினாறு வருஷத்துல அந்தச் சொல்லை நான் இப்பதான் கேக்கேன். "குடுத்து வெச்ச ஆளு அண்ணே நீங்க"ன்னான் கருத்தப்பாண்டி. நான் ஸ்டீயரிங்கை ஒரு கையால திருப்பினேன்.

தலைக்கனம் அங்கதான் ஏறுச்சு. புரட்டாசி மாசம். எங்க வீட்டுல முட்டைகூட உள்ள வரக்கூடாது. மூணு வாரமாக் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் மாறி மாறி வந்து என் நாக்கு செத்துப்போச்சு. இந்த நேரம் பார்த்து, ராஜபாளையத்துல சனிக்கிழமை மின்வாரியப் பராமரிப்பு, பகல் பூரா கரண்ட் கிடையாது. தறி ஓடாது, கம்பெனி லீவு. ஞானதுரை அண்ணனோட மச்சினன் ஜோயல் கூமாப்பட்டியில தோப்பு வெச்சிருக்கான். பம்புசெட்டுல குளியல், நாட்டுக்கோழிக் குழம்பு. மூணு பேரும் என் கார்ல போறதா ஏற்பாடு. அந்தக் கோழிக்காக நான் என்ன பொய்யும் சொல்லத் தயாரா இருந்தேன்.

வீட்டுல சொன்னா குறுக்கு விசாரணை. கார்ல சொன்னா மரியாதை. வியாழக்கிழமை காலையில அவளே கூப்பிட்டா.

"ஏங்க, சனிக்கிழமை நம்ம ஊர்ப் பக்கத்துல இருக்கிற திருவண்ணாமலைக் கோயிலுக்குப் போவமா? எங்க அம்மாவும் வாராங்க. பெருமாளைக் கும்பிட்டுட்டு வந்துருவோம்."

"சனிக்கிழமை டூட்டி நாகு. அவசர லோடு."

"அப்படியா? ஞானதுரை அண்ணே, உங்களுக்குமா டூட்டி?"

ஞானதுரை அண்ணன் சர்ச்சுல முதல் பெஞ்சுல உக்காருற ஆளு. கண்ணை இறுக்க மூடிக்கிட்டார். "ஆமா தங்கச்சி. மூணு பேருக்குமே."

"அடப் பாவமே! சரிங்க, வேலைதான முக்கியம். உங்க சௌகரியம்."

பின் சீட்டுல இருந்து கருத்தப்பாண்டி என் தோளைத் தட்டினான். கோழி வாசனையே அடிச்சுருச்சு.

"அப்ப ஒண்ணு செய்யுங்க. கார் அங்க சும்மாதான நிக்கும்? நீங்க மூணு பேரும் பஸ்ல போயிருங்க. எந் தம்பி பாண்டிச்செல்வம் காரை எடுத்துட்டு எங்களைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகட்டும்."

தனியா இருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பேன். சரி, சொல்லியிருக்க மாட்டேன். ஆனா ரெண்டு பேர் முன்னால, மாமியார் சாமி கும்பிடக் கார் தரமாட்டேன்னு எந்த மனுஷன் சொல்லுவான்?

"அதுக்கென்ன, தாராளமா."

"விடுங்க, தோப்புக்கும் பஸ் போகுதே"ன்னு கருத்தப்பாண்டி என் காதுல குசுகுசுத்தான். மைக் கூரையில இருக்கு.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்ல மதினி. கம்பெனிக்குப் பஸ் நிறைய இருக்குன்னேன்."

"நல்லது தம்பி. அப்புறம் ஏங்க, புரட்டாசிச் சனி அன்னைக்குக் கேண்டீன்ல சாப்பிடக் கூடாது. கோயில்ல இருந்து நேரா கம்பெனிக்கே வந்து மூணு பேருக்கும் சாப்பாடு தந்துருதேன். ஒரு மணிக்கு வாசல்ல நில்லுங்க."

"உனக்கு எதுக்கு நாகு வீண் சிரமம்?"

"அவியளுக்குச் செய்யறது ஒரு சிரமமா? ஞானதுரை அண்ணே, நீங்களே சொல்லுங்க."

"சிரமமில்ல தங்கச்சி"ன்னார் ஞானதுரை. அழுதுருவார் போல இருந்துச்சு.

சனிக்கிழமை மூணு பேரும் பஸ்ல போய், பூட்டின கம்பெனி வாசல்ல நின்னோம். வாட்ச்மேன் இருளப்பசாமி, "இன்னைக்கு லீவுல்லா?"ன்னார். "தெரியும்"னோம். அவர் ஸ்டூலை எங்க பக்கம் நகர்த்திப் போட்டார். பன்னெண்டே முக்காலுக்கு ஜோயல் போன் பண்ணினான். "மச்சான், கோழியை இறக்கியாச்சு, எங்க நிக்கீங்க?"

"நீயே சாப்பிடு மாப்ள"ன்னார் ஞானதுரை. அந்தக் குரலை என்னால மறக்க ஏலாது.

டாண்ணு ஒரு மணிக்கு என் கார் வந்துச்சு. முன் சீட்டுல என் மாமியார், கையில துளசி. பின்னால இருந்து நாகஜோதி இறங்கி, தூக்குச்சட்டியை ஞானதுரை கையில குடுத்தா. புளியோதரை, தயிர்ச்சாதம், சுண்டல்.

"உள்ள வேலை எப்படிங்க?"

"தலைக்கு மேல."

"ஐயோ பாவம்"னு சொல்லி, பைக்குள்ள கையை விட்டு மூணு பனையோலை விசிறி எடுத்தா. ஆளுக்கு ஒண்ணு. ரெண்டு கையாலயும் பணிவாக் குடுத்தா.

"அஞ்சு மணி வரைக்கும் இங்க கரண்ட் கிடையாதுன்னு புதன்கிழமையே பேப்பர்ல போட்டிருந்தாங்க. உள்ள புழுங்கும்லங்க? வீசிக்கிட்டே வேலை பாருங்க, அஞ்சரைக்குத் தம்பி வந்து கூட்டிக்கிடுவான்."