வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து மாமாவுக்கு

கடலூர்,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய மாமா தில்லைநாதன் அவர்களுக்கு, உங்கள் அக்கா மகன் செந்தமிழ்செல்வன் வணங்கி எழுதுவது.

நீங்கள் உங்கள் மகள் சத்யப்பிரியாவை மாப்பிள்ளைக்குக் கொடுக்கவில்லை, பாஸ்போர்ட்டுக்குக் கொடுக்கிறீர்கள்.

இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கு நீங்களும் புஷ்பவள்ளி மாமியும் நலமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நலமாக இருப்பதற்கு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எப்போதும் வசதி ஜாஸ்தி.

போன மாதம் நீங்கள் வெற்றிலை பாக்குப் பழத்தட்டோடு எங்கள் வாசலில் வந்து நின்றீர்கள். பெண் கொடுக்க வருகிறவர் கொண்டுவருவதும் அந்தத் தட்டுதான். பெண்ணை வெளியில் கொடுக்கிறோம், நீங்கள் சம்மதிக்க வேண்டும் என்று அத்தை வீட்டில் கேட்க வருகிறவர் கொண்டுவருவதும் அதே தட்டுதான். வாழைப்பழத்தைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? அம்மா உள்ளே ஓடிப் பட்டுப்புடவைக்கு மாறினாள். நான் நெடுஞ்சாண்கிடையாக உங்கள் காலில் விழுந்தேன். நீங்களும் "நல்லா இருடா" என்று ஆசீர்வாதம் செய்தீர்கள். நான் எழுந்து முழங்கால் தூசியைத் தட்டுவதற்குள் "மாப்பிள்ள பாரீசு. பேரு உமாசங்கர். சொல்தா ஊட்டுப் பேரன்" என்றீர்கள். அம்மா அந்தப் பட்டுப்புடவையோடு போய் உங்களுக்குக் காபி கலந்தாள். அந்தக் காபியில் சர்க்கரை இல்லை என்று நீங்கள் குறை வேறு சொன்னீர்கள்.

மாமா, நான் சிதம்பரத்தில் எம்.ஏ. வரலாறு படித்தவன். படித்த படிப்புக்கு வேலை கிடைக்கவில்லை, கோபம் மட்டும் கிடைத்திருக்கிறது. முந்நூறு வருடத்துக்கு முன்னால் இங்கிலீஷ்காரன் எங்கள் ஊர்த் தேவனாம்பட்டினத்தில் பீரங்கியை வைத்துச் சுட்டான். குண்டு போய் விழுந்த தூரம் வரை இருந்த ஊரெல்லாம் அவனுக்கு என்று விலை பேசி வாங்கினான். பிறகு பிரெஞ்சுக்காரனோடு சண்டை, சமாதானம், மறுபடி சண்டை. கடைசியில் உங்கள் ஊர் பிரெஞ்சுக்காரனுக்கு, எங்கள் ஊர் இங்கிலீஷ்காரனுக்கு, நடுவில் ஒரு வாய்க்கால். சண்டை போட்ட இரண்டு பேரும் அப்புறம் ராசியாகிவிட்டார்கள். இரண்டு உலகப் போரிலும் கூட்டாளிகள். கடலுக்கடியில் சுரங்கம் தோண்டி ரயில் விட்டுக்கொள்கிறார்கள். நம் வாய்க்கால் மதகு உடைந்து மூன்று வருடம் ஆகிறது, அது யார் எல்லை என்று இன்னும் அளந்துகொண்டிருக்கிறார்கள்.

அறுபத்திரண்டில் பிரெஞ்சுக்காரன் சட்டப்படி உங்கள் பக்கத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தபோது, எங்கள் நாட்டுக் குடிமகனாக இருக்க விருப்பமுள்ளவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றான். உமாசங்கரின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய், வியட்நாம் வரை போய்வந்தவர்; அவர் எழுதிக் கொடுத்தார். உங்கள் அப்பா கரும்பு வெட்டு முடியட்டும் என்று இருந்துவிட்டார். எங்கள் பக்கம் அப்படி ஒரு காகிதத்தையே யாரும் நீட்டவில்லை. அந்தக் கரும்பு வெட்டுக்குப் பரிகாரமாகத்தான் நீங்கள் இப்போது பெண்ணைக் கொடுக்கிறீர்கள்.

உமாசங்கர் பாரீசில் என்ன வேலை பார்க்கிறார் என்று விசாரித்தீர்களா? நான் விசாரித்தேன். ஒரு பெரிய கடையின் கோடவுனில் பெட்டி அடுக்குகிறார். நான் கடலூரில் என்ன வேலை பார்க்கிறேன்? ஒரு பெரிய கடையின் கோடவுனில் பெட்டி அடுக்குகிறேன். அவர் அடுக்கினால் அது ஃபாரின் உத்தியோகம். நான் அடுக்கினால், "பாவம், எம்.ஏ. படிச்ச புள்ள."

இதற்கெல்லாம் மேலே, போன வியாழக்கிழமை மாப்பிள்ளை வீட்டாரைச் சிதம்பரம் கோயிலுக்குக் காரில் கூட்டிப்போக வேண்டும் என்று என்னையே கூப்பிட்டீர்கள். ஓட்டினேன். எல்லைச் செக்போஸ்ட்டில் வண்டியைச் சோதித்த கான்ஸ்டபிள் பின்னால் இருந்து உங்கள் ஊர்க் கடையின் இரண்டு பிராந்தி பாட்டிலை எடுத்தார்.

"யாருதுய்யா இது?"

உமாசங்கர் கருஞ்சிவப்புப் பாஸ்போர்ட்டை நீட்டி பிரெஞ்சில் ஏதோ சொன்னார்.

"ஃபாரினரா சார்? நீங்க உக்காருங்க சார். டேய், நீ எறங்கு."

"சார், வாங்கனது அவரு சார்."

"அவருக்கு இங்கத்தி சட்டம் தெரியாது. ஒனக்குத் தெரியுமில்ல? யாரு நீ?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முன் சீட்டிலிருந்து சொன்னீர்கள்: "டிரைவரு சார்."

டிரைவர்! அக்கா மகன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் மாமா? இனிமேல் கொண்டுவர மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வர எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் நீங்கள் மாப்பிள்ளைக்கு இளநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு ஒன்று வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சிதம்பரத்தில் சபைக்கு ஏறச் சட்டையைக் கழற்றச் சொன்னார்களே, அங்கேயும் தோற்றேன். அவருக்குத் தொப்பையே இல்லை. நடராஜரைப் பார்க்க வேண்டிய மாமி அவரையே பார்த்துக்கொண்டு, "பாரீசுல தண்ணி நல்லா இருக்கும் போல" என்றார்.

கோயிலுக்குள் சிவகங்கைக் குளத்துப் படியில், நம்மோடு வந்த சத்யப்பிரியா தனியாக நின்றிருந்தாள். போய்க் கேட்டேன்.

"ஒரு வார்த்த சொல்லு. மாமாகிட்ட நானே பேசறேன்."

"என்னான்னு பேசுவ மச்சான்?"

"ஒன்ன எனக்குப் புடிச்சிருக்குன்னு."

"அப்படியா? ரெண்டு வருசமா என்கிட்ட எங்க ஊரு பெட்ரோல் வெலயப் பத்திப் பேசியிருக்க. எங்க ஊரு காலேஜ் கோட்டாவுல எத்தினி சீட்டுன்னு பேசியிருக்க. எங்க தாத்தா ஏன் கையெழுத்துப் போடலன்னு பத்து தடவ கேட்டிருக்க. சரி, நான் என்னா படிச்சிருக்கேன் சொல்லு."

"பி.காம்."

"நர்சிங். பி.எஸ்சி. நர்சிங். போய்க் கார எடு மச்சான், அப்பா கூப்புடுது."

இதை ஒரு சிறு தகவல் பிழையாக மட்டும் கருத வேண்டுகிறேன். மனசு என்பது மார்க் ஷீட் இல்லை.

நான் வேண்டுவது ஒன்றுதான். வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தத்தை நிறுத்துங்கள். யாரோ இரண்டு பேர் வரைபடத்தில் கோடு போட்டார்கள் என்பதற்காக அக்கா மகனைத் தள்ளி வைப்பீர்களா? அந்தப் பாஸ்போர்ட்டை என் கையில் கொடுத்தாலும் அதன் மேல் காறித் துப்புவேன். எனக்கு வேண்டியது சத்யப்பிரியா. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், தகர ஷீட் வீட்டில், கோடவுன் சம்பளத்தில், தலை நிமிர்ந்து வாழ்வோம். நீங்கள் மறுத்தால் அம்மா இனி உங்கள் வாசல் மிதிக்க மாட்டாள். இதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

மாமிக்கு என் நமஸ்காரம். சத்யப்பிரியாவுக்கு என் விசாரிப்பு. உங்கள் பக்கத்து வயலும் எங்கள் பக்கத்து வயலும் ஒரே மழையில் நனைந்து செழிக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் காலில் தவறுதலாக விழுந்த
செந்தமிழ்செல்வன்.

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது அம்மா ஒரு விஷயம் சொன்னாள். மாப்பிள்ளைக்குக் கல்யாணமாகாத தங்கை ஒருத்தி பாரீசிலேயே இருக்கிறாளாம். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடவும். நிச்சயதார்த்தம் குறித்தபடியே நடக்கட்டும், வண்டியும் நானே ஓட்டுகிறேன். பெண்ணின் பெயர் அம்மாவுக்குத் தெரியவில்லை, எனக்கும் அது அவசரமில்லை. என் ஜாதகத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அவளுடையதும் அதே கருஞ்சிவப்புப் பாஸ்போர்ட்தானா, கட்டிக்கொள்கிறவனுக்கு எத்தனை வருடத்தில் கிடைக்கும் என்பதை மட்டும் விசாரித்து, வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுதவும்.