முடிஞ்சிருக்கும் பாடம்

"மெதுவா பேசுங்க. மாமா இன்னும் தூங்கல."

"நான் மெதுவாத்தான் பேசறேன். இந்தச் சுவருதான் மெதுவா கேக்க மாட்டேங்குது."

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன் சொன்னதில் தப்பில்லை. சமையலறைக்கும் அப்பாவின் அறைக்கும் நடுவில் இருந்தது பேருக்குத்தான் சுவர். இந்தப் பக்கம் ஸ்பூன் விழுந்தால் அந்தப் பக்கத்திலிருந்து, "என்ன உடைஞ்சுது?" என்று குரல் வரும்.

பேச வேண்டிய விஷயமோ ஒளித்துப் பேச வேண்டியது. பிரெஞ்சு பேசும் ஒரு நாட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் வேலை கிடைத்திருந்தது. மொழித் தேர்வில் பாஸானால் விசா. அதுவும் அவர்கள் இருவருக்கு மட்டும். அப்பாவின் வயதுக்காரர்களை அந்த நாடு வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். அதனால் ஊர்க் கோடியில் இருந்த முதியோர் இல்லத்தில் அவருக்கு ஒரு கட்டில் சொல்லி வைத்தாகிவிட்டது. இதை அப்பாவிடம் சொல்வது ஒன்றுதான் பாக்கி.

"இன்னிக்காவது சொல்லிடுங்க."

"பரீட்சை முடியட்டும்."

"வேலை உறுதியாகட்டும்னீங்க. ஆச்சு. கட்டில் கிடைக்கட்டும்னீங்க. அதுவும் ஆச்சு. இப்ப பரீட்சையா?"

"நடுவுல நின்னுபோன லிஃப்ட்லேர்ந்து ஆளை இறக்கச் சொல்லு, இறக்கறேன். பெத்த அப்பாவை வீட்டைவிட்டு இறக்கற வித்தை எனக்குத் தெரியாதும்மா."

அவள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவள். வலிக்கிற வேலையைச் சட்டென்று முடித்துப் பழகியவள். அவளுக்குத்தான் அந்த யோசனை தோன்றியது.

"இனிமே மாமா விஷயத்தைப் பிரெஞ்சுலயே பேசிக்கலாம். பாடமும் ஆச்சு, ரகசியமும் ஆச்சு."

அவர்கள் போய்வந்த பிரெஞ்சு வகுப்பில் டீச்சரம்மா அப்போது நடத்திக்கொண்டிருந்தது கடைசிப் பாடம். நாளைக்கு இந்நேரம் வந்திருப்பேன், போயிருப்பாய், முடித்திருப்போம் என்று, இனிமேல் நடக்கப்போவதை நடந்து முடிந்துவிட்டதாகச் சொல்கிற வினைச்சொற்கள். டீச்சரம்மா அதற்கு வைத்த பெயர் 'முடிஞ்சிருக்கும் பாடம்'. தேர்வில் பாதிப் பேர் கவிழ்வது அதில்தானாம். "புத்தகத்துல இருக்கற வாக்கியம் நாக்குல ஒட்டாது. உங்க வீட்டுச் சங்கதியை எடுத்துக்குங்க. நான், நீ, அவர், நாம, நீங்க, அவங்கன்னு ஒரு ஆள் விடாம சொல்லுங்க" என்பது அவள் கட்டளை.

சொன்னார்கள். பாத்திரம் கழுவிக்கொண்டே, துணி மடித்துக்கொண்டே, பிரெஞ்சில்.

"அடுத்த மாசக் கடைசிக்குள்ள நான் பெட்டி கட்டியிருப்பேன்."

"நீ அடுப்பை வித்திருப்பே."

"அவர் போயிருப்பார்."

இதில் ஒரு வசதி இருந்தது. 'அப்பாவைக் கொண்டுபோய் விடப்போகிறோம்' என்று சொல்ல நாக்கு கூசியது. 'விட்டிருப்போம்' என்று சொல்லக் கூசவில்லை. அதற்குள் எல்லாம் முடிந்து, அழுகையும் ஓய்ந்து, அவரவர் வேலையை அவரவர் பார்க்கப் போய்விட்ட மாதிரி இருந்தது. பாவத்தைச் செய்யாமலே தாண்டிப் போக ஒரு குறுக்குவழி கிடைத்ததில் மெக்கானிக் முன்னைவிட நன்றாகச் சாப்பிட்டான்.

ஒரு நாள் காலை அப்பா சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"என்னடா தம்பி, ரெண்டு பேரும் எந்நேரமும் மந்திரம் மாதிரி ஏதோ சொல்றீங்க?"

"பரீட்சைக்கு மாமா. வீட்டுப் பாடம்" என்றாள் அவள்.

"எந்நேரமும் பாடமா?"

இங்கேதான் மெக்கானிக் அவசரப்பட்டான். "சும்மா வாய்ப்பாடு மாதிரிதாம்பா. ரொம்ப சுலபம். யார் வேணும்னாலும் கத்துக்கலாம்."

"அப்படியா? எனக்கும் பொழுதே போகல. நானும் சேந்துக்கறேன்."

மறுநாளே போய்ச் சேர்ந்துவிட்டார். இவர்கள் மாலை வகுப்பு, அவர் காலை வகுப்பு. மெக்கானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பா ஓய்வு பெறும்வரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். நல்ல காது. ஊரார் பேச்செல்லாம் அதன் வழியாகத்தான் போய் வந்தது. அதில் ஒரு வார்த்தைகூட அவர் முகத்தில் தெரிந்ததில்லை என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள்.

"உங்க வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கக் கூடாதா?" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆனால் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. அப்பா கையை நீட்டி நீட்டி, "இது கதவு. இது ஜன்னல்" என்று பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார். அடுத்த வாரமும் அதே கதவு, அதே ஜன்னல். கூடுதலாக ஒரு மேசை. அவள் மெல்ல டீச்சரம்மாவிடம் விசாரித்தாள்.

"மாமா எப்படிப் படிக்கிறார்?"

"அவரை மாதிரி ஒரு மாணவன் கிடைக்கணுமே! ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பக் கேப்பார். சலிக்கவே மாட்டார்."

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள். பாவம், ஒரே பாடத்தில் நின்றுவிட்டார். அவர் கடைசிப் பாடத்துக்கு வருவதற்குள் இவர்கள் விமானம் ஏறியிருப்பார்கள்.

தைரியம் வந்துவிட்டது. குரலை உயர்த்தி, அவர் எதிரிலேயே பேச ஆரம்பித்தார்கள். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டு, "பேசுங்க, பேசுங்க. பேசினாத்தான் வரும்" என்று உற்சாகப்படுத்தினார்.

"போறதுக்குள்ள அவரோட சாய்வு நாற்காலியை யாருக்காவது கொடுத்திருப்போம்" என்றாள் அவள் பிரெஞ்சில். முதியோர் இல்லத்தில் ஒரு கட்டிலுக்கும் ஒரு பெட்டிக்கும்தான் இடம்.

இரண்டு நாள் கழித்து அப்பா அந்த நாற்காலியைக் கீழே இறக்கி வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டார். "முதுகு வலிக்குதுடா அதுல உக்காந்தா."

"போறதுக்குள்ள அவர் பல் டாக்டர்கிட்ட காட்டியிருப்பார்" என்று மெக்கானிக் பயிற்சி செய்தான். அந்த வாரமே அப்பா தானாகப் போய்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

அவள் மெக்கானிக்கைத் தனியாக இழுத்தாள். "எனக்கு என்னவோ சந்தேகமா இருக்குங்க."

"கதவு ஜன்னலைத் தாண்டாதவர் மேல என்ன சந்தேகம்? சரி, சோதிச்சே பாத்துடலாம்."

அப்பா கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அழுத்தம் திருத்தமான பிரெஞ்சில் சொன்னான்: "இன்னும் ஒரு நிமிஷத்துல அந்த ஃபேன் அறுந்து அப்பா தலையில விழுந்திருக்கும்."

அப்பா நிமிரவில்லை. நாற்காலியைக்கூட நகர்த்தவில்லை. மகனைப் பார்த்துப் பல் போன இடம் தெரியச் சிரித்து, மேசையைத் தொட்டு, "இது மேசை" என்றார்.

மெக்கானிக்குக் குற்ற உணர்ச்சி. இவ்வளவு வெள்ளந்தியான மனுஷனிடமா இதைச் சொல்லப்போகிறோம் என்று இருந்தது. அதனால் அன்றும் சொல்லவில்லை.

தேர்வு நாள் வந்தது. தேர்வாளர், "அடுத்த வருஷம் இந்நேரத்துக்குள் உங்கள் குடும்பத்தில் என்னென்ன முடிந்திருக்கும்?" என்றுதான் கேட்டார். மெக்கானிக் மடை திறந்த மாதிரி கொட்டினான். அவள் அவனையும் மிஞ்சினாள். இரண்டு பேரும் பாஸ்.

வழியெல்லாம் அவன் ஒத்திகை பார்த்தான். "அப்பா, ஒரு விஷயம்..." என்று தொடங்கி அதோடு நின்றான். தமிழில் அதற்கு மேல் வரவில்லை.

வீட்டில் அப்பா இல்லை. அவர் அறையில் படுக்கை சுருட்டி ஓரமாக நிறுத்தியிருந்தது. சட்டை மாட்டும் ஆணி காலியாக இருந்தது. மெக்கானிக் படிகளில் விழுந்தடித்து ஓடினான். வாட்ச்மேன் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"ஐயா பெட்டியோட போனாரே. 'பசங்க பாஸ் பண்ணிட்டு வருவாங்க, என்னைத் தேடிப் பதறிடப் போறாங்க, ஊர்க் கோடி இல்லத்துக்குத்தான் போனேன்னு சொல்லிடு'ன்னார்."

இல்லத்தில், ஜன்னலோரக் கட்டிலில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார் அப்பா.

"என்னடா, பாஸா?"

"ரெண்டு பேருமே பாஸ்ப்பா. நீங்க எப்படி... உங்களுக்கு யார் சொன்னது?"

"யாருடா சொல்லணும்? உங்களுக்கு வேலை வந்திருக்கு, எனக்கு வயசு வந்திருக்கு. எனக்கே தோணிச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியாம முழிச்சுக்கிட்டிருந்தேன். அம்மாடி, நீயும் கோவிச்சுக்காதே."

அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். மெக்கானிக் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். துக்கம் பாதி, நிம்மதி பாதி. அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் நிம்மதி நிம்மதிதான். நாம் தள்ளவில்லை, அவராகவே வந்துவிட்டார். இனி வாழ்நாள் முழுக்க எந்த ஊரிலும் தூங்கலாம்.

வாசல் கேட்டைத் தாண்டும்போது டீச்சரம்மாவின் போன் வந்தது. இரண்டு பேரும் கேட்கும்படி அவன் ஸ்பீக்கரைப் போட்டான்.

"வாழ்த்துகள்! இப்பத்தான் கேள்விப்பட்டேன்."

"எல்லாம் உங்க புண்ணியம் டீச்சர். அப்பா மட்டும் பாவம், கதவு ஜன்னலோட நின்னுட்டார்."

"கதவு ஜன்னலா? அதெல்லாம் நான் அவருக்கு நடத்தவே இல்லையே. வந்த முதல் நாளே, 'எனக்கு வேற எதுவும் வேணாம்மா, என் பிள்ளைங்க வீட்டுல பேசிக்கற அந்தப் பாடத்தை மட்டும் சொல்லிக்கொடு, அதுல நான் எங்க இருக்கேன்னு பாக்கணும்'னார்."